அக்கா வாடகைக்கு விட்ட தீவு

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஃபிளாட் தம்பி செல்போனும் கையுமாக வந்து என் சோபாவில் உட்கார்ந்தார். கல்யாணமான கையோடு ஜோடியாக மாலத்தீவு போய்விட்டு வந்திருக்கிறார்.

போட்டோ போட்டோவாகத் தள்ளினார். நீலக் கடல். வெள்ளை மணல். நடுவில் குட்டியூண்டு தீவு.

“அங்கிள், மொத்தத் தீவும் எங்க ரெண்டு பேருக்கு மட்டும். வேற ஒரு கெஸ்ட் கிடையாது. எக்ஸ்க்ளூசிவ்!”

ரொம்ப சந்தோஷம் என்றேன். நிஜமாகவே சந்தோஷம்தான். அவர் அதோடு நிறுத்தியிருக்கலாம் இல்லையா?

“உங்க ஊர்ப் பக்கமெல்லாம் இப்படி ஒண்ணை யோசிச்சுக்கூடப் பார்த்திருக்க மாட்டாங்க... இல்ல அங்கிள்?”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “தம்பி, எண்பதுகளிலேயே முழுத் தீவை வாடகைக்கு விட்ட குடும்பம் எங்க குடும்பம்” என்றேன். அவர் நம்பவில்லை. நீங்களாவது நம்புங்கள்.

ராஜபாளையத்தில் ஒரு மில்லில் வேலை பார்த்தவர் என் அத்தான். மில்லை மூடிவிட்டார்கள். அத்தானும் என் செல்லத்தாய் அக்காவும் மம்சாபுரத்துக்குப் பக்கத்திலிருந்த அத்தானின் ஊருக்கே திரும்பிப் போய், கண்மாய்க்கு நடுவே ஒரு திட்டிலிருந்த தென்னந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்தார்கள். கோடையில் நடந்தே போய் வரலாம். ஐப்பசி மழைக்குத் தண்ணீர் ஏறினால் திட்டு தீவாகிவிடும். தோப்புக்குள், எந்தக் காலத்திலோ ஒரு முதலாளி வாத்து சுட வந்து தங்குவதற்காகக் கட்டிய ஓட்டு வீடு. திட்டின் மறுகோடியில் ஊர்க்காரர்கள் கும்பிடும் அய்யனார். மேற்கே எப்போதும் மலை; கண்மாய்க்குத் தண்ணீர் அங்கிருந்துதான் வர வேண்டும்.

சில வருஷங்களாக மழை ஏமாற்றிவிட்டது. கண்மாய் காய்ந்து, தேங்காய் சிறுத்து, அக்கா வீட்டில் ஒருவேளை அடுப்பெரிந்தாலே பெரிய காரியம். ரோஷக்காரி. எங்களிடம் வாய் திறக்க மாட்டாள்.

அந்த வருஷம் மழை பெய்தது. கண்மாய் தளும்ப ஆரம்பித்த நேரம் பார்த்து வேறொரு மில்லின் மானேஜர் அக்காவைத் தேடி வந்தார். அவர்கள் மில்லில் நூல் எடுக்கும் கோயம்புத்தூர் வியாபாரி ஒருவர், மனைவியோடு ரெண்டு நாள் தங்க இடம் கேட்டாராம். பெரிய கூட்டுக் குடும்பம். தாலி கட்டிய நாளிலிருந்து ரெண்டு பேரும் தனியாக உட்கார்ந்து ஒரு காபி குடித்ததில்லையாம். மனுஷ வாடையே இருக்கக் கூடாது என்றாராம்.

“அவருக்குப் பிடிச்சிட்டா மில்லுக்கு வார கெஸ்ட் அம்புட்டுப் பேரையும் வருஷம் பூரா இங்கயே அனுப்புதேன். ஆனா ஒரு புகார் வந்துச்சுன்னா அதோட சரி, பாத்துக்கோம்மா” என்றார் மானேஜர்.

“ஈ காக்கா உள்ள வராதுய்யா. இது என் வாக்கு” என்றாள் அக்கா.

அப்புறம் பார்க்க வேண்டுமே! சேத்தூரிலிருந்து சொந்தக்காரர் வீட்டுக் கட்டில் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பந்தல் கடை பாயிடம் நாற்காலி எடுத்தோம். லாரி ட்யூபுகளைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை அடித்து, கரைக்கும் திட்டுக்கும் நடுவே கயிறு இழுத்து அத்தான் ஒரு தெப்பம் செய்தார். அதுதான் எங்கள் ஸ்பீட் போட்! நான் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு வந்து ரூம் பாய் ஆனேன்.

அக்கா ஊருக்குள் வீடு வீடாகப் போய்ச் சொன்னாள் – “விருந்தாளிய இருக்கிற ரெண்டு நாளும் யாரும் திட்டுப் பக்கம் வரக் கூடாது. வழியில பாத்தாலும் பேச்சுக் குடுக்கக் கூடாது.”

கோயம்புத்தூர்க்காரர்கள் வந்தார்கள். முதல் நாள் அமோகம். வராந்தாவில் உட்கார்ந்து ரெண்டு பேரும் பேசினார்கள், பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு நான் மாயமாகிவிடுவேன்.

மறுநாள் காலையில் கண்மாய் நிறைந்து கலுங்கு வழியே தண்ணீர் வெளியே பாய ஆரம்பித்தது. மறுகால் போவது என்பார்கள். எத்தனை வருஷம் கழித்து! ஊரே கரைக்கு ஓடியது.

மறுகால் போன அன்றே, பொழுது சாய்வதற்குள், திட்டு அய்யனாருக்குப் பொங்கல் வைத்தாக வேண்டும். அது ஊர் வழக்கம். வீட்டுக்கு ஒருத்தராவது போக வேண்டும். மேளம், வெடி, குலவை எல்லாம் உண்டு.

ஊர்ப் பெரியவர் கரையில் நின்று அக்காவைக் கூப்பிட்டு விட்டார். நானும் கூடவே போனேன்.

“என்னத்தா, பொங்கப் பானையை எடுக்கச் சொல்லவா?”

“மாமா... நாளைக்கு வச்சுக்கிட்டா ஆகாதா? விருந்தாளிய காலையில போயிருவாக.”

“தண்ணி இன்னைக்கு வந்திருக்கு. சாமிய நாளைக்கு வான்னு சொல்லுதியா?”

அக்கா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அந்தப் பக்கம் சாமி, இந்தப் பக்கம் வாக்கு. வாக்குப் போனால் மில் போச்சு, சோறு போச்சு.

நிமிர்ந்தாள். “வாங்க மாமா. எல்லாரும் வாங்க. ஆனா சத்தமே இல்லாம வரணும். மேளம் வேண்டாம், வெடி வேண்டாம், குலவை வேண்டாம். பொங்கல் முடியுற வரைக்கும் ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது. நான் வாக்குக் குடுத்துட்டேன்.”

“குலவை இல்லாம ஒரு பொங்கலாத்தா?” என்று கேட்டார் பெரியவர். பொறவு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். “ஏலே, காதுல விழுந்துச்சுல்ல? நம்மூர்ப் பொம்பளை வாக்குக் குடுத்திருக்கா. எவனாவது தும்முனான்... அம்புட்டுத்தான்.”

அக்காவும் நானும் அரிசி, வெல்லம் எடுக்க ஊருக்குள் போய்விட்டுத் திரும்பினோம். அதற்குள் அத்தான் ஆட்களை ஏற்ற ஆரம்பித்திருந்தார். அவர் எப்போதுமே சைகைதான். மில்லில் மெஷின் சத்தத்துக்கு நடுவே பேசினால் யாருக்குக் கேட்கும்? விரலை மடக்கினால் ‘ஏறு’, உள்ளங்கையைக் காட்டினால் ‘பொறு’. அன்றைக்கு மொத்த ஊரையும் வாய் பேசாமல் கரை சேர்த்தார்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள். எங்கள் பக்கம் பஸ்ஸுக்கு நிற்கிற ரெண்டு பேர் சும்மா நிற்பார்களா? ஆனால் அன்றைக்குத் தோப்புக்குள் காலடிச் சத்தம்கூட இல்லை. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்பு கூட்டினார்கள். மேளக்காரர் மேளத்தைத் தோளில் மாட்டியபடி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஓட்டு வீட்டின் கதவு சாத்தியே இருந்தது. விருந்தாளிகள் தூங்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டோம்.

காசு வாங்கிக்கொண்டு அமைதியாக இருக்க யாராலும் முடியும். ஒருத்தி கொடுத்த வாக்குக்காக ஒரு ஊரே வாயை மூடி நின்றதை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

பானையில் நுரை ஏறியது. விளிம்புக்கு வந்தது. பொங்கி வழிந்தது. எல்லாரும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள்.

குலவைச் சத்தம் கேட்டது.

யார் தெரியுமா? சாட்சாத் எங்கள் அக்காதான்! கண்ணிலிருந்து தாரை தாரையாகத் தண்ணீர். காய்ந்து கிடந்த வருஷங்களெல்லாம் அவள் தொண்டை வழியே வெளியே வந்தன. அப்புறம் கேட்க வேண்டுமா? அத்தனை பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். மேளம் விழுந்தது. தென்னை மரத்துக் கொக்குகள் எல்லாம் பறந்தே போய்விட்டன.

அக்காவுக்குத் திடீரென்று நினைப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு ஓட்டு வீட்டுக்கு ஓடினாள். பின்னாலேயே நானும் ஓடினேன். கதவைத் தட்டினாள். பதில் இல்லை. தள்ளினாள். உள்ளே ஒருத்தரும் இல்லை.

“அவிய எங்க?” என்று அலறினாள்.

பின்னாலேயே வந்து நின்ற அத்தான் பொறுமையாகக் கரையின் மறுகோடியைக் காட்டினார். மறுகால் பார்க்க வேண்டும் என்று அவர்களே கேட்டார்களாம்; அதையும் சைகையிலேயே சொன்னார். நாங்கள் அரிசி எடுக்கப் போயிருந்தபோது இவர்தான் தெப்பத்தில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்.

“இதை ஏன் சொல்லல?”

“வாயத் தொறக்கக் கூடாதுன்னு நீதான சொன்ன” என்றார் அத்தான். அன்று காலையிலிருந்து அவர் பேசிய முதல் வாக்கியம் அது.

அக்கா வாளியில் பொங்கலோடு கலுங்குக்குப் போனாள். திட்டுக்கு வராமல் மறுகால் பார்த்துக்கொண்டு கரையிலேயே நின்ற மிச்சக் கூட்டத்துக்கு நடுவே அந்த ரெண்டு பேர் மட்டும் தனியாக நின்றிருந்தார்கள். சுற்றிலும் ஒரு ஆள் இடைவெளி! அந்த அம்மா யாரிடம் என்ன கேட்டாலும் எங்கள் ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டு விலகியிருக்கிறார்கள். அக்காவின் உத்தரவு அப்படி.

“வாக்குக் குடுத்தேன், காப்பாத்தல. சத்தம் போட்டது நான்தான்” என்று சொல்லி அக்கா பொங்கலை நீட்டினாள்.

வியாபாரி வாங்கிச் சாப்பிட்டார். “பார்க்கலாமுங்க” என்றார். காலையில் கிளம்பிப் போய்விட்டார்கள்.

அந்த ‘பார்க்கலாமுங்க’வை வைத்துக்கொண்டு அக்கா ஒரு வாரம் தூங்கவில்லை. மானேஜர் வந்தார். முகம் உர்ரென்றிருந்தது.

“புகார் ஒண்ணு வந்திருக்கும்மா.”

“சொல்லுங்கய்யா. தப்பு எம்மேலதான். ஊர்க்காரவிய மேல ஒரு சொல்லு சொல்லிராதீக” என்றாள் அக்கா.

“ஊரே கூடிப் பொங்கல் வச்சிருக்கீக. அவிய ரெண்டு பேரை மட்டும் யாருமே கூப்பிடலையாம்ல? அந்தம்மாவுக்கு ரொம்ப வருத்தமாம்.” மானேஜரால் அதற்கு மேல் சிரிப்பை அடக்க முடியவில்லை. “எங்க கெஸ்ட்டுக்கெல்லாம் இனிமே இந்த எடம்தான். அடுத்த வருஷம் மறுகால் போற அன்னைக்கே அவிய வரணுமாம். அது என்னைக்குன்னு நீ இப்பவே ஒரு வாக்குக் குடுக்கணுமாம்.”

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு மேற்கே பார்த்தாள்.

“அந்த வாக்கை மட்டும் நான் குடுக்க முடியாதுய்யா. மலையில்ல குடுக்கணும்!”