அணைந்து அணைந்து வந்த மானிட்டர்

கல்யாணமாகி ஆம்பூருக்கு வந்து கொஞ்ச நாளில் என் மானிட்டர் மக்கர் பண்ண ஆரம்பித்தது. மாசி கழிந்து வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. தண்ணீர் குடிக்கவோ, வாசலில் யாராவது கூப்பிட்டார்கள் என்றோ எழுந்து போவேன். திரும்பி வந்து பார்த்தால், பெரிய திரையில் நான் திறந்து வைத்திருந்த பக்கங்கள் எல்லாம் பக்கத்திலிருக்கும் லேப்டாப்பின் சின்னத் திரைக்குள் போய் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். எந்த வரியில் விட்டேன் என்று தேடிப் பிடிப்பதற்குள் அலுத்துவிடும்.

நான் வீட்டிலிருந்தே மெடிக்கல் கோடிங் வேலை பார்க்கிறேன். அமெரிக்காவில் டாக்டர்கள் எழுதும் ரிப்போர்ட்டைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் காயத்துக்கும் உரிய எண்ணைப் போடும் வேலை. ரிப்போர்ட் ஒரு திரையில், எண்கள் ஒரு திரையில். ஒன்று போனாலும் கை ஒடிந்த மாதிரிதான்.

என் பிறந்த வீடு கணியம்பாடிப் பக்கம். அவர் என்னைப் பெண் பார்க்க வந்தபோது எல்லோரும் எதையெதையோ பேசிக்கொண்டிருக்க, அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "வேலை செய்ய டேபிள் இன்னா ஹைட் வேணும்?" என் அண்ணி சிரிப்பை அடக்க உள்ளே போய்விட்டாள். நான் பதில் சொல்லத் தெரியாமல் என் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே கையை வைத்துக் காட்டினேன். கல்யாணம் முடிந்து இந்த வீட்டுக்கு வந்தபோது ஜன்னல் ஓரமாக அதே உயரத்தில் மேசை இருந்தது. மேலே ஒரு மானிட்டர். முன்னால் ஒரு கறுப்பு நாற்காலி, பிடியை இழுத்தால் மேலே ஏறும், அமுக்கினால் இறங்கும் வகை. முதுகு வலிக்காமல் இருக்க அதுதான் நல்லது என்று கடைக்காரர் சொன்னாராம்.

அவர் ஷூ கம்பெனியில் தோல் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறார். காலையில் போனால் சாயங்காலம்தான் வருவார். பேச்சு கம்மி. நானும் புதுசு. சாப்பிடுறீங்களா, போதுமா, சட்டையை அயர்ன் பண்ணணுமா என்பதைத் தாண்டி எங்களுக்குள் அதிகம் பேச்சு இருந்ததில்லை. அதனால் மானிட்டர் சங்கதியை நான் அவரிடம் உடனே சொல்லவில்லை. ஆசையாக வாங்கி வைத்தது. வந்த கையோடு குறை சொல்வதா?

நானே பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சும்மா விட்டால் திரை தூங்கிவிடுகிறது போலிருக்கிறது என்று அந்த செட்டிங்கைத் தேடி, எப்போதும் தூங்காதபடி மாற்றினேன். பலனில்லை. கேபிளை இரண்டு பக்கமும் கழற்றி அழுத்திச் சொருகினேன். வேறு பிளக்கில் மாட்டினேன். ஒரு நாள் முழுக்க ஒழுங்காக இருப்பது போலிருக்கும், மறுநாள் பழைய கதை. ஒருமுறை எழுந்து ஓரடி வைத்துத் திரும்பியபோது திரை கறுத்துக் கிடந்து, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உயிர் வந்தது.

பிறகு ஒரு நாள் மீட்டிங். பின்னால் கிரைண்டர் சத்தம் கேட்கிறதே என்று கதவைச் சாத்த எழுந்தேன். திரும்பி வந்ததும் எங்கள் டீம் லீடு சொன்னார்.

"நீங்க ஷேர் பண்ணின ஸ்க்ரீன் காணாமப் போயிடுச்சே. இது அடிக்கடி நடக்குது. இந்த மாசத்துக்குள்ள சரி பண்ணிடுங்க. இல்லன்னா சென்னை ஆபீசுக்கு வந்துதான் வேலை பார்க்க வேண்டியிருக்கும்."

கோபமாகச் சொல்லவில்லை. விதி அப்படி. ஆனால் எனக்கு அன்றைக்கு மதியம் சோறு இறங்கவில்லை. சென்னையில் ஹாஸ்டலில் நான், ஆம்பூரில் அவர். இன்னும் ஒழுங்காகப் பேசிக்கூடப் பழகவில்லை.

சாயங்காலம் அவர் வந்து பின்பக்கக் குழாயில் கை கால் கழுவும்போது துண்டை எடுத்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னேன். முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

"மானிட்டர் தானே. பாத்துக்கலாம்," என்றார். அவ்வளவுதான். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

மறுநாள் காலையிலேயே மானிட்டரைப் போர்வையில் சுற்றி, பைக்கில் முன்னால் வைத்துக்கொண்டு சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனார். கடைக்காரர் அதை நாள் முழுக்க ஓட விட்டுப் பார்த்திருக்கிறார். ஒரு தடவைகூட அணையவில்லை. சாயங்காலம் கம்பெனியிலிருந்து வரும்போது அவர் அதைத் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"அங்க நல்லாத்தான் ஓடுச்சி. ஒரு கோளாறும் இல்லன்றாரு."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

இப்படிக் கேட்பேன் என்று எனக்கே தெரியாது. ஹாலில் உட்கார்ந்திருந்த அத்தை, அவருடைய அம்மா, தலையைத் தூக்கிப் பார்த்தார். என் கணவர் போர்வையை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போனார். எங்களுக்குள் வந்த முதல் மனத்தாங்கல் அது. இரண்டு நாள் கேட்டதற்கு மட்டும் பதில் என்று ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை டிபன் முடிந்ததும் அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார். மானிட்டரைப் போட்டார்.

"இன்னா பண்றீங்க?" என்றேன்.

"நீ சொன்னத நான் ஒரு தடவையாவது என் கண்ணால பாக்கணும். அதுவரைக்கும் இங்கியே உக்காந்திருக்கேன்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அவர் என்னைச் சந்தேகப்படவில்லை. இந்த இரண்டு நாளும் அவருக்குள் இதுதான் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்ப்பவரிடமும் விசாரித்திருக்கிறார். எப்போது அணைகிறது என்று தெரிந்தால்தான் வழி சொல்ல முடியும் என்றாராம் அந்த ஆள்.

நான் அவருக்குப் பின்னால் கட்டிலில் உட்கார்ந்து துணி மடிக்க ஆரம்பித்தேன். அவர் தோல் பார்க்கிற மாதிரி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இமைகூட அதிகம் அசையவில்லை. ஒன்றும் நடக்கவில்லை. வெயில் ஜன்னலைத் தாண்டி உள்ளே வந்தது. நான் போய் டீ போட்டுக் கொண்டுவந்தேன். மேசையில் வைத்தால் ஒயரில் கொட்டிவிடும் என்று அவர் எழுந்து என் பக்கம் திரும்பி டம்ளரை வாங்கினார்.

அவர் தோளுக்குப் பின்னால் திரை கறுத்தது.

"போச்சு, போச்சு, பாருங்க," என்றேன்.

அவர் திரும்புவதற்குள் அது வந்துவிட்டது. "எங்க?" என்றார். மறுபடி உட்கார்ந்தார். டீயைக் குடித்து முடிக்கும்வரை திரை சாதுவாக எரிந்தது. டம்ளரைக் கொடுக்க எழுந்தார். மறுபடி கறுத்தது.

எனக்குள் ஏதோ சட்டென்று விளங்கியது. ஆனால் சொன்னால் நம்புவாரா என்று தெரியவில்லை.

"உக்காருங்க," என்றேன். உட்கார்ந்தார்.

"எழுந்திருங்க." எழுந்தார். கறுத்தது.

"உக்காருங்க. மெதுவா இல்ல, சட்டுனு எழுந்திருங்க."

இப்படி நான் சொல்லச் சொல்ல, அவர் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தபோது அத்தை முறத்தோடு வாசற்படியில் வந்து நின்றார். கொஞ்ச நேரம் இரண்டு பேரையும் பார்த்தார்.

"இன்னாடா, தோப்புக்கரணம் போடச் சொல்லிட்டாளா?"

எனக்கு வெட்கத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர்தான் சிரித்தார். இந்த வீட்டுக்கு வந்த பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்து அன்றைக்குத்தான் கேட்டேன். பிறகு இடம் மாற்றிக்கொண்டோம். நான் நாற்காலியில், அவர் கட்டிலில். நான் எழுந்தேன். திரும்பிப் பார்த்தபோது கண்ணை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஆமா. போய்ட்டு வருது," என்றார்.

ஃபோனில் தேடினோம். ஊர் உலகத்தில் எத்தனையோ பேர் இதே பேஜாரில் தவித்திருக்கிறார்கள். இந்த மாதிரி ஏறி இறங்கும் நாற்காலியிலிருந்து ஆள் எழும்போது சில சமயம் மின்சாரம் பொறி மாதிரி உண்டாகுமாம். கண்ணுக்குத் தெரியாது. கையிலும் உறைக்காது. மானிட்டர் கேபிள் மட்டமாக இருந்தால் அது போதும், படம் ஒரு நொடி அறுந்துவிடும். காற்றில் ஈரம் இல்லாத வெயில் காலத்தில் இது ஜாஸ்தி. எங்கள் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டுமா. சர்வீஸ் கடையில் வெறும் ஸ்டூல்தான் போட்டிருப்பார்கள் என்றார் அவர். அதனால்தான் அங்கே அணையவில்லை.

"அப்ப இந்தச் சேர மாத்திடலாம்," என்றார்.

"வேணாம். சேர் இருக்கட்டும். கேபிள மாத்துவோம்," என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பைக் சாவியை எடுத்தார்.

அன்றைக்கே வேலூருக்குப் புறப்பட்டோம். கோயில், உறவுக்காரர் வீடு என்றில்லாமல் நாங்கள் இரண்டு பேர் மட்டும் எங்கேயாவது போனது அதுதான் முதல் தடவை. கம்ப்யூட்டர் கடையில் நல்ல கெட்டியான கேபிள் வேண்டும் என்று அவர் கேட்டார். கடைக்காரர், டிவிக்கா, கேம் விளையாடவா என்று கேட்டார்.

"இல்ல, வீட்ல இவங்க அமெரிக்கா ஆஸ்பத்திரி வேலை பாக்கறாங்க. டாக்டர் எழுதினத ஒரு ஸ்க்ரீன்ல படிச்சி, இன்னொண்ணுல கோடு போடணும். ஒரு நம்பர் தப்பினா நோயாளிக்கு இன்சூரன்ஸ் வராது. நடுவுல திரை போச்சின்னா மொதல்லருந்து படிக்கணும்."

நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இதையெல்லாம் நான் அவரிடம் உட்கார்ந்து விளக்கியதே இல்லை. ஃபோனில் அம்மாவிடமும் தோழிகளிடமும் அரைகுறையாகப் பேசியதைக் கேட்டுத்தான் இவ்வளவும் சேர்த்து வைத்திருக்க வேண்டும்.

திரும்பும்போது பள்ளிகொண்டாவில் டீ குடித்தோம். "நீங்க தோல்ல இன்னா பாப்பீங்க?" என்று கேட்டேன். மாடு உயிரோடிருந்தபோது முள் கீறியது, உண்ணி கடித்தது எல்லாம் தோலில் அப்படியே இருக்கும் என்றார். விளக்குக்குக் கீழே சாய்த்துப் பிடித்தால்தான் தெரியுமாம். பைக்கில் ஏறிய பிறகும் சொல்லிக்கொண்டே வந்தார். பாதி காற்றில் போய்விட்டது. மீதியைக் கேட்க நான் முன்னால் சாய்ந்துகொண்டேன்.

புதுக் கேபிளை நாற்காலிக்கு எட்டாத பக்கமாக, சுவரை ஒட்டி ஓட்டிக் கட்டினார். நாற்காலியில் ஒரு பருத்தி விரிப்பை மடித்துப் போட்டேன். அதன்பிறகு திரை அணைவது அநேகமாக நின்றுவிட்டது. கத்திரி வெயிலில் எப்போதாவது ஒரு முறை சிமிட்டியதுண்டு. வேலைக்குக் குறுக்கே வந்ததில்லை. டீம் லீடும் சென்னைப் பேச்சை எடுக்கவில்லை.

இப்போதெல்லாம் சாயங்காலம் அவர் வந்ததும், "இன்னிக்கு இன்னா கோடு?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. நோயாளிகளைப் பற்றிச் சொல்லக்கூடாது என்பதால் வெறும் எண்களின் கதையைச் சொல்வேன். ஒரு நாள், வாத்து கடித்தால்கூட அதற்கென்று தனி எண் இருக்கிறது என்றேன். அவர் நம்பவில்லை. திரையில் எடுத்துக் காட்டினேன்.

அத்தை ஹாலில் மல்லாட்டை உரித்துக் கடலையை முறத்தில் போட்டுக்கொண்டே கேட்டார். "மாடு முட்டினா?"

"அதுக்கும் இருக்குது அத்தை."

"பரவால்ல, விவரமாத்தான் வச்சிருக்கானுங்க," என்றவர், உரித்ததில் ஒரு கை எடுத்து என் பக்கம் நீட்டினார்.