கோஸ்டாரிக்கா சட்டம்

மலையாள தேசத்துத் தம்பானூரில் உச்சிமாகாளி தலைவர் ஆனதே கோஸ்டாரிக்காவின் புண்ணியத்தில்தான். அந்த நாடு எந்தத் திசையில் இருக்கிறது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

சங்கரன்கோவில் பக்கமிருந்து வந்து, பஸ் ஸ்டாண்டு எதிரே ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டராக நின்றவர். தமிழ் ஹோட்டல் தொழிலாளர் சங்கத்துக்கு அப்போது யோசுவா தலைவர். நாற்காலியை விட்டு அசையவே மாட்டார். ஒருநாள் உச்சிமாகாளியின் மகள் கலைச்செல்வி கல்லூரிப் பாடத்தைச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். கோஸ்டாரிக்காவில் பட்டாளம் கிடையாது. ஜனாதிபதிக்கு நாலே வருஷம்; இறங்கினால் எட்டு வருஷம் கழித்துத்தான் மறுபடி நிற்கலாம். மனிதர் கப்பென்று பிடித்துக்கொண்டார். அடுத்த கூட்டத்தில் அந்த நாலு வருஷச் சட்டத்தை எடுத்துவிட்டார் பாருங்கள். எல்லோரும் கைதட்டி நிறைவேற்றினார்கள்; யோசுவா இறங்க, இவர் தலைவரானார். அந்தச் சட்டம் தனக்கும் சேர்த்துத்தான் என்பது அன்றைக்கு இவருக்கு உறைக்கவில்லை.

சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் உழைத்தார். போலீஸ் ஸ்டேஷனோ லேபர் ஆபீஸோ ஆஸ்பத்திரியோ, யாருக்கு எது என்றாலும் அவர் போன்தான் அடிக்கும். அந்த போன் அடிக்காத வாழ்க்கையை அவரால் நினைத்தே பார்க்க முடியவில்லை. நாலாம் வருஷம் முடிய முடிய இருப்புக் கொள்ளவில்லை. கல்லில் பரோட்டா கருகியது. முதலாளி வைதார்.

மகளிடம் கேட்டார்: “ஏம்மா, அந்த ஊர்ல இறங்குனவன் எட்டு வருஷமும் என்னதான் செய்வான்?”

“வேற வேலை பாப்பாங்கப்பா. அதுக்குப் போயி இத்தனை டென்ஷன் வேண்டாம் கேட்டோ” என்றாள் மகள், மலையாளம் கலந்து.

அவருக்கு ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. நம் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டே. பந்தியில் போதும் என்று கையை மறித்தால்தான் இன்னொரு கரண்டி விழும். பதவியும் அப்படித்தான், வேண்டாம் என்றால் கையைப் பிடித்து உட்காரவைப்பார்கள். சட்டமாவது ஒண்ணாவது!

மதியச் சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் சங்கத்தார் ஒரு லாட்ஜ் மொட்டைமாடியில் கூடினார்கள். உச்சிமாகாளி எழுந்து, தனக்குப் போதும், வேறு யாரையாவது பாருங்கள் என்றார். சொல்லிவிட்டு நின்றார். யாரும் வந்து கையைப் பிடிக்கவில்லை. மேல்துண்டைச் சரிசெய்தார். கடைசியில் யோசுவா எழுந்தபோது இவருக்கு உயிரே வந்தது.

“அண்ணாச்சி சொன்னா சொன்னதுதான். கோஸ்டாரிக்காக்காரன் மாதிரி மரியாதையா இறங்குதாரு.”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பாத்திரம் கழுவும் பிரிவில் நிற்கும் செண்பகவல்லியைத் தலைவராக்கினார்கள். வயிறு எரிய எரிய உச்சிமாகாளியும் கைதட்டினார்.

மறுநாள் காலையில் மாவு பிசைந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. மலையடிவார ஊரான விதுராவில் ஹோட்டல் சப்ளையராக இருக்கும் செல்வின். முதலாளி ரூமைக் காலி பண்ணச் சொல்கிறாராம். உச்சிமாகாளி பாதி கேட்கும்போதே மாவுக் கையைத் துடைத்துவிட்டு ஆணியில் கிடந்த வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டார்.

“அங்கேயே நில்லுடே. இன்னா வந்துட்டேன்.”

“நீங்க எதுக்கு அண்ணாச்சி சிரமப்படணும்? செண்பகவல்லி அக்கா நம்பரு மட்டும் தாங்க.”

சட்டைப் பித்தானை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே நம்பரைச் சொன்னார்.