தேர்ப் பாதைக்குக் கீழே போன வயர்

என் கருவியை யாராவது தொட்டால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னோடு வேலை செய்கிறவர்களைக் கேட்டால் இன்னும் கூடுதலாகவே சொல்வார்கள்.

மண்ணுக்குக் கீழே போகும் கரண்ட் வயரைத் தேடுகிற கருவி அது. இடுப்பளவு உயரம், மேலே கைப்பிடி, கீழே தட்டையான உடம்பு. கிரிக்கெட் மட்டையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நடப்பது போலத்தான் தெரியும். வயருக்கு மேலே வந்தால் கீச்சென்று கத்தும். தண்ணீர்க் குழாய் பதிக்கும் கொந்தராத்துக்காரர் ஒருவரிடம் இந்த வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, தேயிலைத் தோட்டம் தோட்டமாக இதைத் தூக்கிக்கொண்டு திரிகிறேன். தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்தில், இருக்கிற சனம் அதற்கு 'மோப்ப நாய்' என்று பெயர் வைத்துவிட்டது. "அந்தா, நாயப் புடிச்சிக்கிட்டு வருது" என்பார்கள். நாய் யாரைப் பிடித்துக்கொண்டு வருகிறது என்று நான் திருப்பிக் கேட்பேன். சிரிப்பார்கள்.

மலைநாட்டில் இதை வைத்துப் பிழைப்பது லேசல்ல. மழை ஒரு பக்கம், பனி ஒரு பக்கம். வேலை முடிந்ததும் சேற்றை வழித்து, காய்ந்த மெல்லிய துணியால் துடைத்துத்தான் பைக்குள் வைப்பேன். ஈரத் துணி கூடவே கூடாது. இரண்டு நாள் வேலை இல்லையென்றால் பற்றரியைக் கழற்றி வெளியே வைத்துவிடுவேன். லொறியில் இரும்புக் குழாயோடு சேர்த்துப் போட விடமாட்டேன். மடியில் வைத்துக்கொண்டுதான் போவேன். காலையில் முதல் வேலையாக, எங்கள் சாமான் கொட்டிலுக்கு வருகிற வயர் எங்கே போகிறது என்று தெரியும் அல்லவா, அதற்கு மேலே பிடித்துக் கத்துகிறதா என்று பார்ப்பேன். தோட்டத்து ஆட்கள் காலையில் பெரட்டில் வரிசையாக நின்று பேர் கொடுக்கிற மாதிரி, அதுவும் தினமும் குரல் கொடுத்தால்தான் அன்றைக்கு வேலை.

ஆனாலும் அதற்கு ஒரு குறை உண்டு. வயருக்குள் கரண்ட் ஓடிக்கொண்டிருந்தால்தான் அதற்குக் கேட்கும். கரண்ட் வந்து நிற்கிறது, ஆனால் அந்தப் பக்கம் ஒரு பல்பும் எரியவில்லை என்றால், கருவி அதன் தலைக்கு மேலேயே நடந்து போனாலும் மூச்சு விடாது. தொட்ட ஆளை மட்டும் வயர் விடாது. அதற்காகவே கருவிக்கு ஒரு ஜோடிப் பெட்டி உண்டு. தரையில் வைத்தால் அது மண்ணுக்குள் ஒரு ஒலியை அனுப்பும். ஊமை வயரும் பதில் சொல்லும்.

நான் சொல்லப்போகிற அன்றைக்கு அந்தப் பெட்டி என்னிடம் இல்லை. வேறொரு இடத்தில் யாரோ ஒரு மகராசன் அடைமழைக் காலம் முழுக்கப் பற்றரியைக் கழற்றாமல் வைத்திருந்து, அது கசிந்து, உள்ளே இருந்த தகடெல்லாம் பச்சை பூத்துப்போய், திருத்துவதற்குக் கொழும்புக்குப் போயிருந்தது. அந்த மகராசனை இன்றைக்கும் நான் வாயாரத் திட்டுவதுண்டு.

வேலை வட்டவளைக்குக் கீழே ஒரு தோட்டத்தில். மேலே ஊற்றடியில் தொட்டி கட்டியாகிவிட்டது. அங்கிருந்து லயத்து வாசல் வரைக்கும் குழாய் வரவேண்டும். அந்த லயத்தில்தான் என் அக்கா வாழ்க்கைப்பட்டிருந்தாள். கொழுந்தெடுத்துவிட்டு வந்த கையோடு, பள்ளத்தில் ஊற்றுத் தண்ணீர் விழுகிற பீலிக்கு இறங்கி, குடத்தைத் தூக்கிக்கொண்டு ஏறுவாள். முழங்கால் வலி என்று ராத்திரியில் எண்ணெய் தேய்த்துக்கொள்வாள். அவள் வாசலுக்குத் தண்ணீர் கொண்டு வருகிற வேலையில் நானும் இருக்கிறேன் என்பதில் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மண் வெட்டுகிறவர்களில் மச்சானும் ஒருவர், அக்காவின் புருஷன். கல் இறுகிய இடமென்றால் கடப்பாரையை, எங்கள் பேச்சில் அலவாங்கை, பிடிக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் குத்தினால் கல் தானாக வழிவிடும் என்று ஒரு பேச்சு.

காலையிலேயே குழாய் போகப்போகிற வழி முழுக்க நடந்தேன். நேராக ஒரு தடவை, குறுக்காக ஒரு தடவை. பேக்டரிக்குப் போகிற பெரிய வயர் ஓர் இடத்தில் கத்தியது. சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டேன். லயத்துப் பாதையில் ஒரு சத்தமும் இல்லை. இருந்தாலும் கூடியிருந்தவர்களைக் கேட்டேன்.

"இந்தப் பாதைக்குக் கீழ வேற வயர் ஏதாச்சும் போகுதா? யாராச்சும் பொதச்சிருக்கீங்களா?"

"இங்க ஏது வயரு? எல்லாம் போஸ்ட்டுலதான் வருது" என்றார்கள். மச்சானும் தலையை ஆட்டினார்.

பெட்டி வரட்டும், ஒரு கிழமை பொறுப்போம் என்று எங்கள் சுப்பவைசரிடம் சொல்லிப் பார்த்தேன். கினிகத்தேனைப் பக்கத்துச் சிங்கள மனிதர்; என்னைத் தங்கச்சி என்ற அர்த்தத்தில் 'நங்கி' என்றுதான் கூப்பிடுவார். நல்லவர்தான், அவசரக்காரர். "நங்கி, மழை வந்தா தொட்டிப் பக்கம் மண் சரியும். இன்னைக்கே வெட்டுவோம். மெஷின் இல்ல, கையாலதானே வெட்டுறது?" என்றார். கையால்தான், ஆனால் அந்தக் கையில் அலவாங்கு இருக்குமே என்றேன். அவர் வானத்தைப் பார்த்தார்.

சரி, தொடங்கலாம் என்றபோது அக்கா குறுக்கே வந்து நின்றாள். கையில் தாம்பாளம், தேங்காய், கற்பூரம், சந்தனம், குங்குமம்.

"மண்ணுல கை வக்கிறதுக்கு முன்னாடி மாரியம்மாவுக்கு ஒரு பூச வச்சிருவோம்."

"அக்கா, மழ வருது."

"வரட்டுமே. மழையும் அவ குடுக்கிறதுதானே? ஒரு கற்பூரம் ஏத்த எவ்வளவு நேரமாகப் போகுது?"

எவ்வளவு நேரமா? எங்கள் ஆட்களை எனக்குத் தெரியாதா? ஒரு கற்பூரம் என்று தொடங்கும். கோயில் கதவைத் திறப்பார்கள், பூசாரியைத் தேட ஆள் போகும், திருவிழாவுக்குக் கட்டிய பல்பு மாலையைப் போடுவார்கள், லவுட் ஸ்பீக்கரில் அம்மன் பாட்டு வைப்பார்கள், பொங்கலும் பொங்கினாலும் பொங்குவார்கள். அன்றைக்குப் பொங்கல் ஒன்றுதான் குறைந்தது. தண்ணீர் வருகிறதென்றால் சும்மாவா? லயமே கோயில் முன்னால் நின்றது. நான் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு பாதையோரத்தில் நின்றேன்.

பூசை முடிந்து அக்கா வந்து அலவாங்குக்குப் பொட்டு வைத்தாள், மம்பட்டிக்கு வைத்தாள், அடுத்துக் கருவிக்கு வர, "தொடாத!" என்று ஒரு கத்துக் கத்தினேன்.

"ஏன்டி, அலவாங்குக்கு வச்சேன், மம்பட்டிக்கு வச்சேன். இது மட்டும் என்னா, பெரிய தொர வூட்டுப் புள்ளையா?"

"ஈரம் படக்கூடாது அக்கா."

"பொட்டுல என்னாடி ஈரம்? பூட்டி வச்சு நீயே கும்புட்டுக்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு இன்னும் ஏறியது.

மச்சான் பாதையின் நடுவில் காலை அகட்டி நின்று அலவாங்கைத் தூக்கினார். ஸ்பீக்கரில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"நில்லுங்க மச்சான். இன்னொருக்கா பாத்துட்டு வெட்டலாம்."

"காலைல பாத்ததுதானே நங்கி? ஹரி, ஹரி, போதும்" என்றார் சுப்பவைசர். அவர் பாஷையில் 'ஹரி' என்றால் சரி.

மண்ணைத் தொடுவதற்கு முன் கடைசியாக ஒரு தடவை பார்ப்பது என் வழக்கம். நடுவில் தேத்தண்ணி குடித்தாலும், சாமி கும்பிட்டாலும், மறுபடி பார்க்கவேண்டும். ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும் அல்லவா? அன்றைக்கு வழக்கம் பாதி, வீம்பு பாதி. இவ்வளவு நேரம் என்னை நிற்க வைத்தீர்களே, இப்போது நீங்கள் நில்லுங்கள் என்றிருந்தது. "அந்த இரும்பத் தள்ளி வைங்க" என்று மச்சானை அதட்டிவிட்டு, வேண்டுமென்றே ஆடி அசைந்து நடந்தேன்.

மச்சான் நின்ற இடத்துக்கு வந்ததும் கருவி கத்தியது.

எனக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. காலையில் இதே இடத்தில் வாயே திறக்கவில்லையே! பின்னால் போனேன், நின்றது. முன்னால் வந்தேன், கத்தியது. குறுக்காகப் போய்த் தேடினேன். பாதையோடு நெடுக ஓடியது, கோயில் பக்கமாக. கோயிலை நிமிர்ந்து பார்த்தேன். பல்பு மாலை மினுங்கிக்கொண்டிருந்தது.

"பாட்ட நிப்பாட்டுங்க! பல்பயும் நிப்பாட்டுங்க!"

"என்னாடி இவ, சாமி பாட்டப் போயி நிப்பாட்டச் சொல்றா" என்று ஒரு குரல் வந்தது.

"நிப்பாட்டுங்கன்னு சொல்றேன்ல!"

பாட்டு நின்றது. பல்பு அணைந்தது. என் கையில் கருவியும் வாயை மூடிக்கொண்டது. மறுபடி போடச் சொன்னேன். பாட்டு வந்தது, கருவி கத்தியது. லயத்துச் சனம் முழுக்க மச்சானின் காலடியையே பார்த்துக்கொண்டிருந்தது. மச்சான் மெதுவாக, பாம்பைத் தாண்டுகிறவர் மாதிரி, பாதையை விட்டு விலகினார்.

பேக்டரியிலிருந்து கரண்ட் வேலைக்காரர் வந்து, எங்கிருந்து அந்த வயர் போகிறதென்று தேடிக் கழற்றி, கரண்ட் இல்லை என்று சோதித்துப் பார்த்த பிறகுதான் மண்ணைத் தொட விட்டேன். அலவாங்கு இல்லை, கையாலும் சின்ன மண்கரண்டியாலும். ஒரு சாண் ஆழம்கூட இல்லை. கறுத்த பழைய ரப்பர் குழாய் ஒன்று, அதற்குள்ளே வயர். மச்சான் குனிந்து பார்த்தார். பார்த்தவர் அப்படியே குந்திவிட்டார்.

"இது நாங்க பொதச்சதுதானே" என்றார்.

கல்யாணத்துக்கு முன்னால், அவர் இளந்தாரியாக இருந்தபோது நடந்ததாம். திருவிழாவுக்குப் பல்பும் ஸ்பீக்கரும் போட்டால் லயத்துக் கரண்ட் தாங்காது. பேக்டரியிலிருந்து தனியாக வயர் இழுக்கவேண்டும். மேலே கட்டினால் தேரின் உச்சியில் சிக்கும். அம்மன் வருகிற பாதையில் தலைக்கு மேலே வயர் தொங்கலாமா? அதனால் மேட்டோரமாக மண்ணுக்குள் புதைத்துவிட்டார்கள். பிறகு பாதையை அகலமாக்கினார்கள். மேட்டோரம் பாதைக்கு நடுவே வந்துவிட்டது. பேக்டரிப் பக்கத்தில் அந்த வயரை யாரும் நிறுத்தவே இல்லை. வருடம் முழுக்க அதில் கரண்ட் வந்து, சும்மா நின்றிருக்கிறது.

"கேட்டேனே மச்சான், வேற வயர் போகுதான்னு?"

"வயருதானே புள்ள கேட்ட? இது சாமியோடது. எனக்கு அது நெனப்பே வரல."

எனக்குக் கோபம் வரவேண்டிய இடம் அது. வரவில்லை. எங்கள் ஆட்களிடம் பாத்திரம் எத்தனை இருக்கிறது என்று கேட்டால் கோயில் அண்டாவைச் சேர்த்தா சொல்வார்கள்? வீட்டுக் கணக்கில் அம்மனுடையது வராது. என்னைக் கேட்டிருந்தாலும் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

"தோண்டுன குழியில தோண்டுனவனே விழுற கதையாப் போயிருக்கும்" என்று யாரோ சொல்ல, இரண்டு பேர் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. அவளுக்கு அப்போதுதான் முழுதும் விளங்கியது. தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு, பாதையிலேயே உட்கார்ந்து, மச்சானின் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "விடு, ஆளுக பாக்கிறாங்க" என்றார் மச்சான். விடவில்லை.

அவள் பூசை வைக்காமல் இருந்திருந்தால் பல்பு எரிந்திராது. பல்பு எரியாவிட்டால் நான் பத்துத் தடவை நடந்திருந்தாலும் கருவி ஊமைதான். கற்பூரத்துக்காக அன்றைக்கு நான் கடித்த பல்லையெல்லாம் நினைத்தால் இப்போது எனக்கே சிரிப்பு வருகிறது. மாரியம்மாவுக்கு நன்றி சொல்வதா, அக்காவின் பிடிவாதத்துக்குச் சொல்வதா, என் வீம்புக்கே ஒரு தேங்காய் உடைப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. கோயிலுக்குப் போகும்போது எல்லாவற்றையும் சேர்த்தே கும்பிட்டுவிடுகிறேன். ஜோடிப் பெட்டி திரும்பி வந்துவிட்டது; அது இல்லாமல் இப்போது நான் எந்தப் பாதையிலும் அலவாங்கைத் தூக்க விடுவதில்லை. கேட்கிற கேள்வியையும் மாற்றிவிட்டேன். "வயர் இருக்கா?" என்பதோடு நிறுத்தமாட்டேன், "திருவிழாவுக்குக் கரண்ட் எங்கருந்து எடுக்கிறீங்க?" என்பேன். எல்லாத் தோட்டத்திலும் அதற்கு ஒரு பதில் இருக்கிறது.

சாமி வயரை ஆழமாகப் புதைத்து, மேலே ஓடு பரப்பி, போகிற வழி முழுக்கக் கல் நட்டோம். எங்கள் குழாயும் பக்கத்தில் தள்ளிப் போனது. தண்ணீர் வந்த அன்றைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். வேறொரு தோட்டத்து வேலையிலிருந்து கருவியும் கையுமாகத்தான் போனேன். பைப்பைத் திறந்தது மச்சான். முதலில் காற்றுச் சீறியது, பிறகு செம்மண் தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர். அவர் இரண்டு கையையும் நீட்டி, நிதானமாகக் கழுவினார். காய்ப்புக் காய்த்த கை. அக்கா அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் பார்த்தேன்.

பிறகு அவள் என் பக்கம் வந்தாள். கருவியின் மேல் வழியெல்லாம் அப்பிய சேறு.

"இதென்னாடி, புள்ளைய இப்பிடி அழுக்கா வச்சிருக்க?"

முந்தானையை இழுத்து, குழந்தைக்கு முகம் துடைப்பது போல, கைப்பிடியிலிருந்து அடி வரைக்கும் துடைத்தாள். தண்ணீர் பிடித்த முந்தானை. சொட்டச் சொட்ட ஈரம். துடைக்க வாகாக நான் அதை அவள் பக்கம் சாய்த்துக் கொடுத்தேன்.