அடைக்காத கதவு

எங்கள் மாமாவுக்கு ஜீப்பைப் பற்றித் தெரியாதது எதுவுமில்லை. இதை எங்களுக்குச் சொன்னவரும் மாமாதான். அம்மாவின் அண்ணன். போடியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஆறு மாதம் வேலை பார்த்தவர். மீதி அனுபவத்தை அதற்கு எதிரேயிருந்த டீக்கடையில் உட்கார்ந்தபடியே சேர்த்துக்கொண்டார். ஆகவே அப்பா பழைய ஜீப்பு ஒன்று வாங்கப் போகிறார் என்றானதும், மாமாவைக் கேட்காமல் ஒரு நட்டைக்கூடத் தொடக்கூடாது என்று வீட்டில் எழுதாத சட்டம் வந்துவிட்டது.

அப்பா அப்போது அடுத்தவர் ஜீப்பைச் சம்பளத்துக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகும் பெண்களை விடியுமுன் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வளைவுகளில் ஏறுவார். சாயங்காலம் அவர்களோடு இறங்குவார். அந்தப் பெண்களில் அம்மாவும் ஒருத்தி. பத்து வருஷமாகப் பின்பலகையில் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்து மலைக்குப் போய்வந்தவள். சொந்த வண்டி என்பது அப்பாவுக்குத் தூக்கத்திலும் வரும் ஆசை. சில நாள் சாப்பிடும்போது இடதுகை தானாகக் கியர் மாற்றும்.

வண்டி சிலமலைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருவே கிளம்பிப் போனோம். மலைக்குப் போகும் அம்மாவின் செட்டில் மற்ற பதினோரு பேரும், நாளைக்கு நாம் ஏறப்போகும் வண்டிதானே என்று கூடவே வந்துவிட்டார்கள்.

புதுப் பச்சை பெயின்டில் ஜீப்பு மாப்பிள்ளை மாதிரி நின்றது. மாமா டயரை உதைத்தார். எண்ணெயை விரலில் தொட்டு மோந்து பார்த்தார். இஞ்சினை ஓடவிட்டு, கண்ணை மூடி, பாட்டுக் கேட்பதுபோலத் தலையை ஆட்டினார். அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தவர் பிடித்தபடியே இருந்தார். தோப்புக்குள் நாலு சுற்றும் ஓட்டியாயிற்று. வண்டி நின்றதும் நான் முன்கதவில் தொங்கி ஊஞ்சலாடிக்கொண்டிருந்தேன். தள்ளினால் 'டப்'பென்று அடைத்துக்கொள்ளும் நல்ல கதவு.

“கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம் மாப்ளே. தங்கம்!” என்றார் மாமா.

வண்டிக்காரரின் மனைவி வெற்றிலைப் பாக்குத் தட்டோடு வந்தார். எங்கள் பக்கத்தில் அந்தத் தட்டு கைமாறிவிட்டால் முடிந்தது. அப்புறம் குறை சொல்லித் திருப்பினால், பேச்சு மாறியவன் என்ற பெயர் அப்பாவுக்கு ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளும்.

“அண்ணே, தட்டு மாத்துறதுக்கு முன்னாடி எங்க ஆளுக ஒருக்கா ஏறி உக்காந்துக்கிறட்டுமே” என்றாள் அம்மா.

“பொம்பளைக உக்காந்துதான் இஞ்சினுக்கு மார்க் போடணுமாக்கும்!” என்று மாமா சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே பன்னிரண்டு பேரும் பின்னால் நெருக்கி ஏறினார்கள்.

நான் என் கதவைத் தள்ளினேன். அடைக்கவில்லை. மறுபடி தள்ளினேன். ஒரு விரல் அகலம் இடித்துக்கொண்டு நின்றது. “அப்பா, கதவு சேர மாட்டேங்குது” என்று கத்தினேன்.

அம்மா இறங்கினாள். தோளிலிருந்த துண்டு கீழே விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தவள் கொஞ்சம் அதிகநேரமே குனிந்திருந்தாள். பிறகு நேராக வந்து என் முதுகில் ஒன்று வைத்தாள்.

“தொங்காத, தொங்காதன்னு எத்தன தடவடி சொன்னேன்! கதவ ஒடச்சுப்புட்டியே, கழுத!”

ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அதைச் சொல்ல வாய் திறப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

அம்மா அப்பாவிடம் திரும்பினாள். “தட்டு மாத்துற நேரத்துல இப்பிடி ஆயிப்போச்சுங்க. எனக்கு மனசு ஒப்பல. வேணாம்.”

“பச்சப்புள்ள செஞ்சதுக்கு என்னத்தா? கொண்டிய நிமித்துனா சரியாப்போகும்” என்றார் வண்டிக்காரர். ஆனால் சகுனத்தோடு யார் வழக்காட முடியும்? அவர் மனைவி தட்டை உள்ளே கொண்டுபோய்விட்டார். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார். “நானும் வந்ததுலருந்து பாக்குறேன் மாப்ளே, இந்தப் பச்ச நமக்கு ராசியில்ல.”

அன்று ராத்திரி அப்பா சாப்பிடவில்லை. அப்பாவின் ஜீப்பைக் கெடுத்தவள் நான்தான் என்று அதன்பிறகு பல வருஷம் நம்பினேன். தெருப்பிள்ளைகள் எனக்குக் 'கதவொடச்சா' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

கல்லூரி முடித்து நான் பழைய ஸ்கூட்டி ஒன்று வாங்கக் கிளம்பியபோது, “தனியா ஓட்டிப் பாக்காத, பின்னாடி ஒரு ஆள ஏத்திக்கிட்டு ஓட்டு” என்றாள் அம்மா. எதற்கு என்று கேட்டதில்தான் எல்லாம் வெளியே வந்தது. காலியாக நிற்கும் வண்டி பொய் சொல்லும், பாரம் ஏற்றினால் உண்மையைச் சொல்லிவிடும் என்பது பின்பலகையில் அவள் படித்த படிப்பு. அன்று வண்டியையே தாங்கும் அடிச்சட்டமான சேசிஸில், புதுக் கறுப்பு பெயின்டுக்கு அடியில், உடைந்ததை ஒட்டவைத்த தடித்த வெல்டிங் தழும்பு ஓடியதைப் பார்த்திருக்கிறாள். பன்னிரண்டு பேர் கனத்தில் அந்தச் சட்டம் தொய்ந்திருக்கிறது. அதனால்தான் கதவு சேரவில்லை. அவர்கள் இறங்கியதும் அது ஒழுங்காக அடைத்திருக்கும். அழுதுகொண்டிருந்த நான் அதைப் பார்க்கவில்லை.

அதை அங்கேயே உடைத்துச் சொல்லியிருந்தால், தங்கம் என்ற மாமா ஊர் முன்னால் தலைகுனிந்திருப்பார். மச்சானை நம்பி ஏமாறப் பார்த்தார் என்று அப்பாவுக்கும் பேச்சு வந்திருக்கும். ஏழு வயதுப் பிள்ளைக்குக் கெட மரியாதை ஏது? பழியை என் முதுகில் ஏற்றிவிட்டாள். மறுநாள் வண்டிக்காரரின் மனைவிக்கு மட்டும் விஷயத்தைச் சொல்லி அனுப்பினாளாம். அந்த ஜீப்பு மலையேறாமல் தோப்புக்குள் எரு சுமந்தே காலத்தைக் கழித்தது. இரண்டு வருஷம் கழித்து அப்பா வேறொரு ஜீப்பு வாங்கினார். பன்னிரண்டு பேரை ஏற்றி, கதவை அடைத்துப் பார்த்துவிட்டுத்தான் தட்டு மாற்றினார்கள். அப்பா இன்றும் அதில்தான் மலைக்குப் போகிறார். அம்மாவும் அந்தப் பதினோரு பேரும் இத்தனை வருஷம் முழுசாக இறங்கி வந்ததற்கு அந்த ஒரு அடி விலை என்றால், எனக்கு அது கொள்ளை லாபம். வாங்கியதற்குச் சந்தோஷப்படும் ஒரே அடி அதுதான்.

அன்று தோப்பிலிருந்து திரும்பும்போது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல் வலிக்க இறுக்கியவள் தெருமுனை வரைக்கும் விடவே இல்லை. என்மேல் இன்னும் கோபம் தீரவில்லை என்று நினைத்து, கையை உதறிவிட்டு முன்னால் ஓடிவிட்டேன்.