குழல் திரும்பிய திசை

வெர்லினின் துப்பாக்கிக் கடைக்குப் போகிறவன் வாசலிலேயே ஆட்காட்டி விரலை நீட்டிக்கொண்டுதான் நுழைய வேண்டும் என்று அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தின் அந்த ஊரில் கேலி பேசுவார்கள். துப்பாக்கி விசையில் விரல் வைத்தவனை வெர்லின் சும்மா விட்டதில்லை. வாங்க வருகிறவன் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும். வெர்லின் துப்பாக்கியைத் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று காட்டித் தருவான். வாங்குகிறவனும் ஒருமுறை உள்ளே பார்க்க வேண்டும். பார்ப்பவன்மேல் அவனுக்குக் கோபம் வராது, பார்க்காதவன்மேல்தான் வரும். குழல் எந்த மனிதர் பக்கமும் திரும்பக் கூடாது. திரும்பினால் வெளியே போக வேண்டியதுதான்.

ஆரின் அவனுடைய வேட்டைக் கூட்டாளி. இலையுதிர் காலத்தில் இருவரும் ஒரே கூடாரத்தில் படுப்பார்கள். எல்க் மான் கிடைத்தால் இறைச்சியைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வார்கள். கிடைக்காவிட்டால் பழி முழுவதும் ஆரினுக்கு.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, கூட்டமான நேரத்தில் ஆரின் வந்து லேசான ரைஃபிள் ஒன்று கேட்டான்.

"என்னடா, பழசைத் தூக்க முடியலையா? கிழடு தட்டிடுச்சா?" என்றான் வெர்லின்.

ஆரின் சிரித்து வைத்தான். ரைஃபிளை வாங்கி முறைப்படி உள்ளே பார்த்தான். தோளுக்குத் தூக்கும்போது குழல் தாழ்ந்து, அலைந்து, பக்கத்தில் நின்ற பிள்ளைத்தாய்ச்சியின் வயிற்றுக்கு நேராக வந்தது.

"ஆரின்! கீழ வை! அறிவிருக்கா உனக்கு? வெளிய போ!"

ஆரின் துப்பாக்கியை மேசைமேல் வைத்துவிட்டு, வலக்கையைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு போனான்.

"வேண்டியவனுக்கு ஒரு நியாயம், வேண்டாதவனுக்கு ஒரு நியாயமா?" என்று வெர்லின் எல்லார் காதிலும் விழும்படி சொன்னான். பெருமைதான், வேறென்ன? தப்பு செய்தவன் அவனே வரட்டும் என்று இருந்துவிட்டான்.

முதல் பனி விழுந்த வாரம், மளிகைக் கடையில் ஆரினின் மனைவி லவோன் எதிரே வந்தாள்.

"கை நடுக்கம், வெர்லின். நரம்பு வியாதின்னு டாக்டர் சொல்லிட்டார். லேசான துப்பாக்கியா இருந்தா இந்த வருஷம் மட்டுமாவது உன்கூட மலைக்கு வந்துடலாம்னு ஆசைப்பட்டார். உன்கிட்டதான் முதல்ல சொல்லணும்னு கடைக்கு வந்தார்."

வெர்லின் வாங்க வந்ததை அப்படியே போட்டுவிட்டுக் கடைக்கு ஓடினான். அதே ரைஃபிளை எடுத்துக்கொண்டு ஆரின் வீட்டு வாசலில் போய் நின்றான். திறந்து காட்டி நீட்டினான். ஆரின் கையை நீட்டவில்லை.

"வேண்டாம்டா. அன்னைக்கு நீ நிறுத்தினது சரிதான். அந்தப் பொண்ணு முகம் இன்னும் என் கண்ணுலயே நிக்குது."

"மன்னிச்சிருடா, ஆரின்."

"எத்தனை வருஷமா என் கூட இருக்கே. ஒருதடவையாவது என் குழல் தப்பாத் திரும்பியிருக்கா? அன்னைக்குத் திரும்பிச்சு. 'உனக்கு என்னடா ஆச்சு'ன்னு கேக்கத் தோணலையே உனக்கு."

ஆரின் கதவை அகலத் திறந்து, உள்ளே வரச் சொன்னான். 'உனக்கு என்னடா ஆச்சு' என்று இப்போதாவது கேட்டிருக்கலாம்தான். வெர்லின் கேட்கவில்லை; குழலைத் தரைப்பக்கம் திருப்பிப் பிடித்தபடி உள்ளே போனான்.