அருவிக்கரையில் நிற்பவள்

எங்கள் வீட்டில் வளைகுடாவிலிருந்து போன் வந்தால் அது வீட்டுக்கே பொது. தென்காசியில் எங்கள் தெருவில் பல வீடுகளில் இப்படித்தான். ஸ்பீக்கரில் போட்டு நடுக்கூடத்தில் வைப்போம். மாமி பேசுவார், நாத்தனார் பேசுவார், பிள்ளைகள் கத்தும். கடைசியில் என் முறை வரும்போது "சாப்பிட்டீங்களா மச்சான்" என்பதைத் தவிர வேறு எதைப் பேச முடியும்?

அதனால்தான் என் வீட்டுக்காரர் ஒரு விளையாட்டை என் போனில் ஏற்றிக் கொடுத்தார். ஒரு தீவு. யார் வேண்டுமானாலும் வரலாம், மரம் வெட்டலாம், மீன் பிடிக்கலாம். வடக்கே ஓர் அருவி, எதிரே மரப்பாலம். கல்யாணம் முடிந்து அவர் விமானம் ஏறுவதற்குள் ஒரே ஒரு முறை குற்றாலம் போனோம். அங்கே ஆண்களுக்குத் தனி இடம், பெண்களுக்குத் தனி இடம். கம்பிக்கு அந்தப் பக்கம் அவர் தலை தெரிகிறதா என்று எட்டிப் பார்த்தே என் குளியல் முடிந்தது. தீவில் கம்பி கிடையாது. வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. நாலு மணிக்கு விளையாட்டில் அவருக்கான பொம்மையும் எனக்கான பொம்மையும் அருவிக்கு அடியில் ஒன்றாக நிற்கும். எழுத்தில் பேசிக்கொள்வோம். வெட்கமாக இருக்கும், சந்தோஷமாகவும் இருக்கும். "தெரியாதவங்க எதாவது கேட்டா பதில் போட்டிராத" என்று மட்டும் சொல்லியிருந்தார்.

பிறகு அவர் வேலை மாறினார். வெள்ளிக்கிழமையும் டூட்டி. "அடுத்த வாரம் வாரேன்" என்பார். வரவில்லை. நான் விடவில்லை, எனக்குப் பிடிவாதம் அதிகம். நாலு மணிக்குப் போனை அடுப்பு மேடையில் சாய்த்து வைத்துவிட்டு வெங்காயம் உரிப்பேன். சும்மா இருந்தால் விளையாட்டு வெளியே தள்ளிவிடும் என்பதால் அவ்வப்போது விரலால் ஒரு தட்டு. சிவப்புப் பாவாடை கட்டிய என் பொம்மை பாலத்தின் பக்கம் திரும்பிப் பார்க்கும். யார் யாரோ வந்து ஏதாவது கேட்பார்கள், நான் பதில் போட மாட்டேன். சிலர் என் காலடியில் மீனை வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். வேலையற்றவர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

சாரல் அடித்த ஒரு சாயங்காலம் போன் வந்தது. நடுக்கூடத்தில் எல்லாரும் இருந்தோம்.

"ஏட்டி, உன் போன்ல ஒரு கேம் போட்டுத் தந்தேம்லா, அதுல பேய் இருக்காம்! நான் தொட்டே ரொம்ப நாளாச்சு, ரூம்ல பயலுவ சொல்லுதானுவ. அருவிக்கிட்ட சிவப்புப் பாவாடை கட்டிட்டு ஒருத்தி நிக்குதாளாம். வெள்ளிக்கிழமைதான் வருவாளாம். யாரு கேட்டாலும் வாயே தொறக்க மாட்டாளாம். மீன் வச்சா ஊருக்குப் போக லீவு கெடைக்குமாம்."

அருவி, வெள்ளிக்கிழமை, சிவப்புப் பாவாடை. மூன்றும் அவர் வாயிலிருந்தே வந்தன. சேர்த்துப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை.

"யாருக்காக நிக்குதாளாம்?" என்று கேட்டேன்.

"புருஷனுக்காம். அவன் செத்துப் போனது தெரியாம நிக்குதாளாம், பாவம்."

"நல்ல வார்த்தை பேசுலே" என்று மாமி அதட்டினார். பிள்ளைகள் சிரித்தார்கள். அது நான்தான் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்ல? "சாப்பிட்டீங்களா மச்சான்" என்றேன்.

அறைக்குள் போய் அழுதேன். துக்கத்தைவிடக் கோபம்தான் அதிகம். சின்ன வயதில் புளியமரத்துப் பேய்க்குப் பயந்து சுற்றிப் போனவள் நான். அவளும் யாருக்கோ காத்து நின்ற சாதாரணப் பொம்பளையாகத்தான் இருந்திருப்பாள் என்று அன்றைக்குத் தோன்றியது. முகம் தெரியாதவர்கள் என்னைப் பார்த்து, இரக்கப்பட்டு, ஒரு கதையே கட்டிவிட்டார்கள். பார்க்க வேண்டியவர் பார்க்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமையும் நாலு மணிக்குப் போய் நின்றேன். யாரோ ஒருவர் வந்து மீனை வைத்துவிட்டு எழுதினார்: "அக்கா, உங்க வீட்டுக்காரர் செத்துட்டாருக்கா. இனிமே நிக்காதீங்க."

வெங்காயக் கையைத் துடைத்துக்கொண்டேன். முதல் தடவையாகப் பதில் போட்டேன்.

"அவர் சாகலைங்க. வெள்ளிக்கிழமையும் டூட்டி."

அந்த ஆள் மீனை அப்படியே போட்டுவிட்டுப் பாலத்தைத் தாண்டி ஓடிப்போனார்.