அக்காவின் முதுகுக்குப் பின்னால்

அழகர்மலைச் சுனையில் குளிக்க யாரும் காசு கேட்க மாட்டார்கள். மார்கழிக் குளிரில் மேலே ஏறிப் போனால், பாறையிலிருந்து விழும் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். மூலிகை ஊறிய தண்ணீர், தோலில் வருவதையெல்லாம் போக்கிவிடும் என்று மதுரையில் சொல்லாத வீடு கிடையாது. அப்படியானால் நமக்குத் தெரிந்தவர்களும் அங்கே வருவார்கள்தானே. அது மட்டும் என் அம்மாவுக்குத் தோன்றவில்லை.

அக்காவுக்கு வலது தோள்பட்டைக்குக் கீழே வெள்ளையாக ஒரு திட்டு விழுந்திருந்தது. உள்ளங்கை அகலம் இருக்கும். ரவிக்கை போட்டால் தெரியாது. வாத்தியார் வேலை பார்த்த அப்பாவுக்கே அம்மா ரொம்ப நாள் சொல்லவில்லை. கோர்ட்டு குமாஸ்தா ஒருவருக்கு அக்காவைப் பேசி, தையில் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. அதற்குள் திட்டைப் போக்கிவிட வேண்டும் என்று, மார்கழி வெள்ளிக்கிழமைதோறும் அம்மா எங்கள் இருவரையும் மாட்டுவண்டியில் ஏற்றினாள்.

எனக்குப் பதின்மூன்று வயது. சேலையை மார்போடு கட்டிக்கொண்டு குளிக்கும்போது முதுகு வெளியே தெரியும் அல்லவா, அதை மறைப்பதுதான் என் வேலை. "நீ அவ முதுகுக்குப் பின்னாலயே நில்லு. அம்புட்டுத்தான். வேற எங்கயும் போயிராத" என்பாள் அம்மா. மூன்று வெள்ளிக்கிழமை ஒழுங்காக நின்றேன். நான்காவது வெள்ளிக்கிழமை, கரையில் வைத்திருந்த புளியோதரைப் பொட்டலத்தைக் குரங்கு தூக்கியது. பசி பொறுக்காத கழுதை நான், அதன் பின்னால் ஓடினேன்.

திரும்பி வந்தபோது அக்காவுக்குப் பின்னால் மாப்பிள்ளையின் அத்தை நின்றிருந்தாள். பரிசம் போட்ட அன்று அக்காவுக்குப் பூ வைத்தவள். மூட்டுவலிக்காகக் குளிக்க வந்திருக்கிறாள். சத்தம் போடவில்லை. "எம்புட்டு நாளா மதினி இது?" என்று அம்மாவிடம் கேட்டாள், காய்ச்சலை விசாரிப்பது போல. அக்கா முன்பக்கம் கிடந்த கூந்தலை எடுத்து மெதுவாக முதுகில் போட்டுக்கொண்டாள்.

பொங்கலுக்கு முன்பே மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் வந்தது. சம்பந்தத்தை விட மனசில்லையாம். சின்னவளைக் கொடுப்பதானால் ஒரு வருஷம் பொறுத்துக்கொள்வார்களாம். அப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் சரி என்று சொல்லி அனுப்பினார். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் மாட்டேன் என்று சொல்லியிருக்க மாட்டேன். அந்த வெட்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அந்த ஒரு வருஷமும் அக்கா என்னிடம் முகம் கோணாமல்தான் பேசினாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கல்யாணத்தன்று காலையில் எண்ணெய் தேய்த்துவிட அவளே வந்தாள். என் முதுகை வெளிச்சத்துப் பக்கம் திருப்பி உட்கார வைத்து, கழுத்திலிருந்து இடுப்பு வரை தடவித் தடவிப் பார்த்தாள்.

"உனக்கு ஒண்ணும் இல்லடி. பயப்படாம போ" என்றாள்.